தங்கராசு அண்ணன் மாற்றிய வரி

தங்கராசு அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி அவருடைய எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. கைப்பேசித் திரையில் அவர் பெயர், பக்கத்தில் ஒரு லாரிக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட அவருடைய படம், அதற்குக் கீழே இரண்டே வரி: “தங்கராசு இன்று காலை ஏழு மணிக்குக் காலமானார். மாலை நான்கு மணிக்கு எடுக்கிறோம், சேந்தமங்கலம்.” எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு முறை படித்தேன். அவர் இப்படியெல்லாம் விளையாடுகிற ஆள் இல்லை. ஆனால் இறந்தவர் தானே செய்தி அனுப்புகிற வழக்கமும் உலகத்தில் இல்லையே. “என்னண்ணா விளையாட்டு இது? காலங்காத்தால கடுப்பேத்தாதீங்க” என்று எழுதி அனுப்பியும்விட்டேன். கால் மணி நேரம் கழித்து அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர் மனைவி கோகிலா. “அவரு போயிட்டாருங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவரு போன்ல இருக்கிற எல்லாருக்கும் நான்தானுங்க அனுப்பிட்டு இருக்கேன்” என்றார். நான் எழுதியதைக் கோகிலா படித்திருப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடமாக அண்ணனோடு சரியாகப் பேசாதவள் கடைசியாக அவருக்கு எழுதியது அது.

அவருக்கு நாற்பத்தாறு வயது. குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. சர்க்கரை இல்லை, பீடி சிகரெட் இல்லை, தினமும் நடக்கிறவர். டாக்டரிடம் கேட்டால் ஏதோ ஒரு காரணம் சொல்வார். கேட்டு என்ன ஆகப்போகிறது?

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவரோடு வேலை பார்த்தவர்கள், மீதிப் பாதி அவரிடம் போனில் பேசிய பண்ணைக்காரர்கள். உங்களில் பலருக்கு அவர் ‘அன்றைக்கு வலைத்தளத்தை நிறுத்தினவர்’. அலுவலகத்தில் ‘தங்கராசு நிறுத்தின நாள்’ என்று ஒரு நாளுக்கே பெயர் வைத்திருக்கிறோம், சிரித்திருக்கிறோம். அந்தத் தப்பு அவருடையது அல்ல, என்னுடையது என்று நான் மூன்று வருடமாக நம்பியிருந்தேன். நம்பிக்கொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது கேட்டால், யாருடையது என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. ஆனால் அவருடையது மட்டும் இல்லை. அவர் பெயரோடு இது இப்படியே போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்கு எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். முட்டைக்கு ஒரு வலைத்தளம் நடத்துகிறோம். பண்ணைக்காரர்கள் காலையில் எவ்வளவு முட்டை இருக்கிறது என்று அதில் பதிவார்கள். வியாபாரிகள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். எந்த லாரி எந்தப் பண்ணைக்குப் போக வேண்டும் என்று தளமே பிரித்துக் கொடுக்கும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் காலையில் அரை மணி நேரம் தளம் நின்றால் பண்ணை வாசல்களில் லாரிகள் வரிசையாக நிற்கும், டிரைவர்கள் எங்களுக்குப் போன் போட்டு நாங்கள் அதுவரை கேள்விப்படாத வார்த்தைகளைச் சொல்வார்கள்.

நான் ஆத்தூர்க்காரி. பொறியியல் படித்துவிட்டு நேராக இந்த வேலைக்கு வந்தவள், அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு. தங்கராசு அண்ணன் லாரி பாடி கட்டும் பட்டறையில் கம்ப்யூட்டரில் அளவு வரைந்துகொண்டிருந்தவர். முப்பது வயதுக்கு மேல் தானாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, எனக்கு ஒரு மாதம் முன்னால் இங்கே சேர்ந்திருந்தார். முதல் நாள் என்னிடம் ஏதோ கேட்டார். “தெரியும், பாத்துட்டேன்” என்று சொன்னேன். “ஏனுங்க அம்மிணி, ஆத்தூர்ல இருந்து வரையில ‘ங்க’வ எல்லாம் வசிஷ்ட நதியில உட்டுப்போட்டு வந்துட்டீங்களா?” என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. மத்தியானம் சாப்பிடும்போதுதான் அது கிண்டல் என்று புரிந்தது. அன்றைக்கு அவர் டப்பாவில் இருந்த பச்சைப்பயறு கடைசலில் பாதி எனக்கு வந்தது. அதன்பிறகு ஏழு வருடம் மத்தியானச் சாப்பாடு ஒரே மேசையில்தான்.

பட்டறையில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்ததாம். பாடி கட்டிக் கொடுத்த வண்டி ‘லொடலொட’ என்று சத்தம் போடுகிறது என்று யாராவது திரும்பக் கொண்டுவந்தால், மற்றவர்கள் ஸ்பானரைத் தூக்குவார்கள். இவர் மட்டும் வண்டியில் பின்னால் ஏறி நின்றுகொண்டு, திருச்செங்கோடு வரைக்கும் போய்விட்டு வருவாராம். “சத்தம் ஓடறப்பத்தானுங்க வரும். நிறுத்திப்போட்டுத் தேடுனா எங்கிருந்து கெடைக்கும்?” என்பார். எங்கள் தளத்துக்கும் அவர் அதையேதான் சொன்னார். என் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் சட்டென்று திறக்கும். உண்மையான பண்ணைக்காரர், உண்மையான காலை நேரத்தில், உண்மையான அவசரத்தில் திறக்கும்போதுதான் அது இழுக்கும். அதனால் ஓடுகிற தளத்திலேயே புரொஃபைலரை வைக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார்.

புரொஃபைலர் என்பது ஒரு பக்கம் திறக்கும்போது நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று கூடவே இருந்து குறித்துவைக்கிற கருவி. அதில் ஒரே ஒரு தொல்லை. குறித்துவைப்பதற்கே நேரம் ஆகும். அடுப்படியில் அவசரமாகச் சமைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, ‘இப்ப என்ன போட்டீங்க, எத்தனை நிமிசம் ஆச்சு?’ என்று நொடிக்கொரு தரம் கேட்டால் எப்படி இருக்கும்? எல்லோருக்கும் எப்போதும் அதை ஓடவிட்டால் தளம் படுத்துவிடும். ஆகவே எப்போது ஓட வேண்டும் என்று அதற்கு ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். முக்கியமாக இரண்டு வரி. ஒன்று, யார் உள்ளே வந்தால் ஓட வேண்டும். இன்னொன்று, எத்தனை தடவைக்கு ஒரு தடவை ஓட வேண்டும்.

அந்தக் கோப்பை அவர் எவ்வளவு அழகாகக் கையாள்வார் என்பதற்குப் பாவாயம்மாள் கதையைச் சொல்ல வேண்டும். எருமப்பட்டிப் பக்கம் அவருக்குப் பண்ணை. தினமும் காலையில் போன் செய்து, தனக்கு மட்டும் பக்கம் திறப்பதில்லை என்பார். உங்கள் ஊரில் சிக்னல் சரியில்லை, வேறு போனில் பாருங்கள் என்று நாங்கள் மாற்றி மாற்றிச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தோம். தங்கராசு அண்ணன் ஒருநாள் போனை என் கையிலிருந்து வாங்கினார். “ஆத்தா, நாளைக்குக் காத்தால நீங்க வழக்கம்போல உள்ள வாங்க. உங்களுக்கு மட்டும் ஒரு ஆள உக்கார வெச்சிருக்கேன். எங்க நிக்குதுன்னு அவன் பாத்துச் சொல்லிப்போடுவான்” என்றார். “ஆம்பளையா?” என்று பாவாயம்மாள் சந்தேகமாகக் கேட்டார். “மிசினுங்க ஆத்தா” என்றார் இவர். பாவாயம்மாள் உள்ளே வந்தால் மட்டும் புரொஃபைலர் ஓடும்படி அந்த முதல் வரியில் அவருடைய கணக்கு எண்ணை எழுதினார். மறுநாள் விடை கிடைத்துவிட்டது. தளம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒருநாள்கூட விடாமல், ஒவ்வொரு கொட்டகைக்கும் தனித்தனியாகப் பதிந்துவந்த ஒரே பண்ணை அவருடையதுதான். அவர் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் நிரல் அத்தனை வருடத்துப் பதிவையும் புரட்டிக்கொண்டிருந்தது. யார் மிக ஒழுங்காக இருந்தாரோ அவருக்குத்தான் நாங்கள் சிக்னல் சரியில்லை என்று சொல்லியிருக்கிறோம்.

தங்கராசு அண்ணனுக்கும் எனக்கும் அந்தக் கோப்பை வைத்துத்தான் சண்டை. “எல்லாரையும் பாக்கோணும் அம்மிணி, ஆனா லேசா. நூத்துல ஒண்ணு போதும். நமக்குத் தெரியாத நோவு யாருக்கு இருக்குதுன்னு எப்படித் தெரியும்?” என்பது அவர் கட்சி. யாரோ ஒருவருக்கு எப்போதோ ஓடுவதில் என்ன கிடைக்கும், தொல்லை வந்தால் ஒருவரைப் பிடித்து ஒவ்வொரு தடவையும் முழுசாகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இரண்டுமே சரிதான் என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை சண்டை போடுவோம். கோப்பில் அப்போது இருந்தது ஒரு சமாதான ஏற்பாடு: என்னுடைய கணக்கில் நுழைந்தால் மட்டும், அதுவும் நூற்றில் ஒரு தடவை. அது யாருக்கும் உதவாத ஏற்பாடு, இருவருக்குமே அது பிடிக்கவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். புரட்டாசி முடிந்த மறுநாள். புரட்டாசியில் முட்டையைத் தொடாமல் இருந்த வீடுகளெல்லாம் ஒரே நாளில் கேட்கத் தொடங்கும், வியாபாரிகள் விடிந்ததும் தளத்தில் வந்து விழுவார்கள். அதற்கு முந்தைய நாள் மாலையில் நான் அந்த இரண்டாவது வரியை மாற்றினேன். நூற்றில் ஒன்று என்று இருந்ததை ஒவ்வொரு தடவையும் என்று ஆக்கினேன். என் கணக்குக்கு மட்டும்தானே, யாருக்கும் பாதகமில்லை, ஒரு பக்கத்தைச் சோதித்துவிட்டு நாளைக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

காலையில் தளம் நின்றது. நின்றது என்றால் முழுதாக நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாப் போனும் ஒரே சமயத்தில் அடித்தது. நான் கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் என்று என் வரி கண்ணில் பட்டது. அதற்குமேல் நான் எதையும் படிக்கவில்லை. அவசரத்தில் என் எண் இருந்த வரியையும் நானே அழித்துத் தொலைத்துவிட்டேன் போலிருக்கிறது, அதனால்தான் எல்லோருக்கும் ஓடுகிறது என்று எனக்கு நானே முடிவு கட்டிவிட்டேன். அதற்குள் பக்கத்து மேசையில் தங்கராசு அண்ணன் புரொஃபைலரை மொத்தமாக அணைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் தளம் எழுந்துகொண்டது. ஆனால் எந்த லாரி எந்தப் பண்ணைக்கு என்பது தாறுமாறாகி, மத்தியானம் வரைக்கும் ஒன்றும் சரியாகவில்லை. ஒரே பண்ணைக்கு மூன்று லாரி போயிற்று. பாவாயம்மாள் பண்ணைக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

எங்கள் முதலாளி படியேறி வந்தார். நல்ல மனுஷர், ஆனால் அன்றைக்கு அவர் முகம் சிவந்திருந்தது. “யாரு கைய வெச்சது?” என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது, ஏனென்றால் அதற்குள் தங்கராசு அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். “நானுங்க. நேத்து சாயங்காலம் நான்தான் மாத்துனேன். என்ற தப்புத்தானுங்க” என்றார். நான் திறந்த வாயை மூடினேன். “இனிமே ஓடுற தளத்துல தங்கராசு கை வைக்க வேண்டாம். மலர்விழி பாத்துக்கட்டும். நீங்க போன எடுத்துப் பேசுங்க” என்றார் முதலாளி. மலர்விழி நான்தான். என் தப்பை ஒருவர் ஏற்றுக்கொண்டார், அதற்குப் பரிசாக அவருடைய வேலை எனக்கு வந்தது. அப்படித்தான் நான் நினைத்தேன். நினைத்துக்கொண்டு, அந்த வேலையை ஏற்றுக்கொண்டும்விட்டேன்.

என்னைக் காப்பாற்றியவருக்கு நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். மனசு அப்படி வேலை செய்யவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் போகப் போக எரிச்சலாக மாறியது. யார் இவரை ஏற்றுக்கொள்ளச் சொன்னது, நானா கேட்டேன் என்று மனசுக்குள் திட்டினேன். மத்தியானச் சாப்பாட்டைக் கீழே டயர் கடைக்குப் பக்கத்து ஓட்டலுக்கு மாற்றிக்கொண்டேன். ஒருநாள் படியில் என்னை நிறுத்தினார். “அம்மிணி, மனசுல ஏதாச்சும் இருந்தாச் சொல்லிப்போடுங்க. எதுன்னாலும் கேட்டுக்கறேன்” என்றார். நான் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சாடையாகக் கேட்கிறார் என்று எனக்குப் பட்டது. “ஒண்ணும் இல்லண்ணா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். அவர் மேல்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்காவிட்டாலும் அது எனக்குத் தெரியும், ஏனென்றால் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

பண்ணைக்காரர்களே, நீங்கள் அவரை அறிந்தது அந்த மூன்று வருடத்தில்தான். போனில் அவர் எப்படிப் பேசுவார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோழிக்கு என்ன நோவு, பையன் ஹாஸ்டலில் சாப்பிடுகிறானா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் தளத்துக்கு வருவார். நீங்கள் சொல்லும் குறையைக் கேட்டுக்கொண்டு எனக்கு ஒரு குறிப்பு அனுப்புவார். “மோகனூர்ப் பண்ணை ஒன்றில் பக்கம் மெதுவாகத் திறக்கிறதாம். நேரம் கிடைத்தால் அவருக்கு மட்டும் புரொஃபைலரை ஓடவிட்டுப் பார்க்கவும்.” பக்கத்து மேசைக்காரர் எனக்கு எழுத்தில் எழுதி அனுப்புவார். நான் அதைச் செய்துவிட்டு “முடிந்தது” என்று ஒரு வார்த்தை பதில் போடுவேன். உங்கள் தளம் சரியானதெல்லாம் அப்படித்தான். நீங்கள் அவருக்கு நன்றி சொன்னபோதெல்லாம், “நான் என்னங்க பண்ணுனேன், அந்த அம்மிணிதான் பாத்துக் குடுத்துச்சு” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

இறந்த அன்றைக்குக் கூட்டத்தில் கோகிலாவிடம் பேச முடியவில்லை. ஐந்தாம் நாள் தனியாகச் சேந்தமங்கலம் போனேன். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். கோகிலா முந்திக்கொண்டார். “நீங்க வந்ததே பெருசுங்க. அவருக்கு அது ஒண்ணுதான் மனசுல கெடந்துச்சு. நான் செஞ்ச தப்பால அந்தப் புள்ளைக்கு வேலை ரெண்டு மடங்காப் போச்சு, அன்னையிலிருந்து என்கிட்டப் பேசறதே இல்ல, ஒரு வார்த்தை திட்டிப்போட்டாக்கூடத் தேவலையேன்னு சொல்லீட்டே இருப்பாருங்க” என்றார்.

“அது அவர் செய்யலங்க. நான் செஞ்சது. எனக்காக அவர் ஏத்துக்கிட்டார்” என்றேன். ‘ங்க’ தானாக வந்தது. கோகிலா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “உங்களுக்கு நல்ல மனசுங்க. போனவரு மேல பழி இருக்க வேண்டாமுன்னு சொல்றீங்க. அவரு என்கிட்டப் பொய் சொல்ல மாட்டாருங்க. எந்த எடத்துல என்ன எழுதுனேன்னுகூட என்கிட்டச் சொன்னாரு. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல” என்றார். நான் மறுபடி மறுபடி சொன்னேன். என் குற்றத்தை நான் ஒப்புக்கொள்கிறேன், கேட்பவர் அதை நம்ப மறுக்கிறார். அங்கே வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “அழுகாதீங்க சாமி” என்றார். கடைசி பஸ் வரைக்கும் இருக்கலாம் என்று போனவள், அதற்கு முந்தைய பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிட்டேன்.

எங்கள் வேலையில் எந்தக் கோப்பில் எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்பதெல்லாம் பதிவாகி இருக்கும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், அரை நிமிட வேலை. மூன்று வருடமாக நான் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை. என் தப்பு என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த பிறகு எதற்குப் பார்ப்பது? மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனதும் அதைத் திறந்தேன்.

தளம் நின்ற நாளுக்கு முந்தைய மாலையில் என்னுடைய மாற்றம் ஒன்று இருந்தது. இரண்டாவது வரியில், நூற்றில் ஒன்று என்பதை ஒவ்வொரு தடவையும் என்று ஆக்கியிருந்தேன். “சோதனைக்கு. நாளைக்குத் திருப்பணும்” என்று குறிப்பும் எழுதியிருந்தேன். முதல் வரியை நான் தொடவே இல்லை. அதற்கு இருபது நிமிடம் கழித்து அவருடைய மாற்றம். அவர் முதல் வரியை மாற்றியிருந்தார். என் கணக்குக்கு மட்டும் என்று இருந்ததை எல்லோருக்கும் என்று ஆக்கியிருந்தார். “எல்லாரையும் பார்க்கலாம், லேசா” என்பது அவருடைய குறிப்பு. இரண்டாவது வரியை அவர் தொடவே இல்லை. அவர் பார்த்த பிரதியில் அது நூற்றில் ஒன்று என்றுதான் இருந்தது. நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனிப் பிரதியில் வேலை செய்வோம். எல்லோருடைய மாற்றங்களையும் ஒரு கருவி ஒன்றாகச் சேர்த்து விடிகாலையில் தளத்தில் ஏற்றும். இரண்டு பேர் ஒரே வரியைத் தொட்டிருந்தால் அது நிறுத்திக் கேட்கும். நாங்கள் தொட்டது வெவ்வேறு வரி, நடுவில் பத்து வரி இடைவெளி. அது எதையும் கேட்காமல் சேர்த்துவிட்டது. எல்லோருக்கும், ஒவ்வொரு தடவையும்.

என் மாற்றம் மட்டும் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவருடையது மட்டும் போயிருந்தாலும் ஆகியிருக்காது. அன்றைக்குக் காலையில் நான் என் வரியைப் பார்த்து பயந்தேன், பக்கத்து மேசையில் அவர் தன் வரியைப் பார்த்து பயந்திருக்கிறார். அவர் எழுந்து நின்று சொன்னது எனக்காக இல்லை. அவர் உண்மையைத்தான் சொன்னார், அவருக்குத் தெரிந்த உண்மையை. படியில் என்னை நிறுத்திக் கேட்டபோது அவர் என் வாக்குமூலத்தை எதிர்பார்க்கவில்லை, என் வசவை எதிர்பார்த்தார். நான் மூன்று வருடமாக ஒரு தியாகியைக் கண்டு ஒளிந்துகொண்டிருந்தேன், அப்படி ஒரு தியாகி அங்கே இருக்கவே இல்லை. இது ஆறுதலா, அதைவிடக் கேடா என்று இன்னும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் எனக்காகச் செய்தார் என்று நினைத்திருந்தபோது குற்றவுணர்ச்சியாவது இருந்தது. இப்போது அதையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.

இரண்டு மாற்றங்களையும் ஒரே தாளில் அச்செடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “அப்போ ரெண்டு பேரும் சரியாத்தான் பண்ணியிருக்கீங்க?” என்றார். ஆமாம் என்றேன். “ரெண்டு பேரும் சேந்து தப்புப் பண்ணியிருக்கீங்க?” அதற்கும் ஆமாம் என்றேன். “நான் அந்த மனுசனப் போன் எடுக்கச் சொல்லிப்போட்டனே” என்றார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே போனார். அவர் போன் மேசையிலேயே அடித்துக்கொண்டு கிடந்தது. இதை எழுதி எல்லோருக்கும் அனுப்பலாமா என்று பிற்பாடு கேட்டேன். என் பெயர் கெடுமே என்று அவர் யோசித்தார். கெடட்டும் என்றேன்.

போன வாரம் மறுபடி சேந்தமங்கலம் போனேன். கோகிலாவிடம் அந்தத் தாளின் இன்னொரு பிரதியைக் கொடுத்து, விரலை வைத்துக் காட்டினேன். இது அவர் எழுதினது, இது நான் எழுதினது, இரண்டும் சேர்ந்ததால்தான் அப்படி ஆனது. அவர் கணவர் அவரிடம் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கோகிலா இரண்டு குறிப்புகளையும் எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தார். அவருக்கு விளங்குமோ என்று நான் கவலைப்பட்டேன். எல்லோரையும்விட அவருக்குத்தான் சீக்கிரம் விளங்கியது.

“அப்போ அவருக்கும் உங்க மேல கோவமில்ல?”

“இல்லங்க.”

“உங்களுக்கும் அவரு மேல கோவமில்ல?”

“இல்லவே இல்லங்க.”

“அப்பறம் எதுக்குங்க மூணு வருசம் ரெண்டு பேரும் ஒரு வாய்ச் சோறு சேந்து சாப்புடல?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தங்கராசு அண்ணனிடமிருந்து நான் என்ன வைத்துக்கொள்கிறேன் என்று இங்கே சொல்ல வேண்டும். அவர் கற்றுக்கொடுத்ததையோ, அவர் சொன்ன நல்ல வார்த்தைகளையோ சொல்லலாம். அவை உங்களிடமும் இருக்கின்றன. என்னிடம் மட்டும் இருப்பது ஒரு கேள்வி. தளம் நின்ற அன்றைக்கு முதலாளி கீழே இறங்கிப் போனதும், அண்ணன் தன் மேசையைத் துடைத்து ஒழுங்குசெய்துகொண்டிருந்தபோது, நான் அதைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் இருவரும் திரையைப் பார்த்துச் சிரித்திருப்போம், மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டிருப்போம். எங்கள் இரண்டு நாற்காலிக்கும் நடுவில் கை நீட்டினால் தொடும் தூரம்தான்.

“அண்ணா, நீங்க எந்த வரிய மாத்துனீங்க?”